பழைய பஜேரோவின் முன் டிஃப்ரன்ஷியல்: பிரித்துக் கேட்டது, பிரித்துச் சரிசெய்தது, அப்புறம் ஓட்டியது

முன் டிஃப்ரன்ஷியல் (முன் சக்கரங்களுக்கு எஞ்சின் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் அமைப்பு) போய்விட்டது என்று எந்த ஒர்க்‌ஷாப் சொன்னாலும், உள்ளே எந்த உறுப்பு போயிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வண்டியை அங்கே பிரிக்க விடாதீர்கள். என் பஜேரோவுக்கு முழு யூனிட்டை மாற்றச் சொன்னார்கள். பேரிங்குகளும் ஆயில் சீல்களும் மட்டும் மாற்றி, அளவு பார்த்துப் பூட்டியதிலேயே வண்டி சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு சில மழைக்காலங்கள் மலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பூட்டிய மறுநாளே எழுதியிருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இருந்திருக்காது.

வண்டி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ். 2.8 லிட்டர் 4எம்40 டர்போ டீசல், மேனுவல் கியர். 2002 முதல் திருவள்ளூர் ஆலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பூட்டிக் கொடுத்த வரிசையைச் சேர்ந்தது. நான் வாங்கும்போதே இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. கோவையிலிருந்து வால்பாறைப் பக்கம் அடிக்கடி போக வேண்டிய வேலை எனக்கு. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் எஸ்டேட் மண்பாதை, மழையில் சேறு. அதனால் இந்த வண்டியின் நாலு சக்கர ஓட்டம் எனக்கு அலங்காரம் இல்லை, அன்றாடத் தேவை.

4 ஹெச்சில், அதாவது நாலு சக்கர ஓட்டத்தில், போட்டு நாற்பதைத் தாண்டினால் முன்பக்கத் தரைக்குக் கீழிருந்து ஒரு உறுமல் வர ஆரம்பித்தது. வேகம் கூடக் கூடச் சத்தம் கூடியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதன் தொனி மாறியது. லீவரை 2 ஹெச்சுக்கு, அதாவது பின் சக்கர ஓட்டத்துக்குக் கொண்டு வந்தால் சுத்தமாக நின்றுவிட்டது. முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் என்றார்கள், இரண்டு பக்கமும் மாற்றினார்கள், உறுமல் அப்படியே இருந்தது. அடுத்து, "மொத்த டிஃப்ரன்ஷியலும் போச்சு, வேற போடணும்" என்றார்கள். வீல் பேரிங் 2 ஹெச்சிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது காரணமாக இருந்தால் 2 ஹெச்சிலும் சத்தம் வந்தாக வேண்டும். இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நல்ல பேரிங்குகளைக் கழற்றியிருக்கவே வேண்டாம்.

இந்த வண்டியின் முன் ஆக்சில் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி நோய் அறிதல் முடிந்துவிடும். சூப்பர் செலக்ட் என்ற இந்த அமைப்பில் 2 ஹெச், 4 ஹெச், 4 ஹெச்எல்சி (சென்டர் டிஃப்ரன்ஷியலைப் பூட்டிய நிலை), 4 எல்எல்சி (அதோடு தாழ்ந்த கியரும்) என நான்கு நிலைகள் உண்டு. எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் சென்டர் டிஃப்ரன்ஷியல் இருப்பதால் 4 ஹெச்சைத் தார்ச்சாலையிலும் தயங்காமல் போடலாம். பழைய ஜீப் வகைகளில் காய்ந்த தாரில் நாலு சக்கரமும் போட்டால் திருப்பத்தில் இழுத்துப் பிடிக்கும், இதில் அப்படி இல்லை. இதைவிட முக்கியம் முன் ஆக்சிலில் இருக்கும் ஃப்ரீவீல் கிளட்ச். 2 ஹெச்சில் ஓடும்போது இந்தக் கிளட்ச் ஒரு பக்கத்து ஷாஃப்டைத் துண்டித்து வைத்திருக்கும். அப்போது முன் சக்கரங்கள் சுற்றினாலும் டிஃப்ரன்ஷியலுக்குள் சன் கியர், ஸ்டார் பினியன் என்ற சிறு கியர்கள் மட்டும்தான் சுற்றும். கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் நிற்கும், அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் நிற்கும், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பினியனுக்கு வரும் முன் புரப்பெல்லர் ஷாஃப்டும் நிற்கும். 4 ஹெச்சுக்குப் போனதும் கிளட்ச் கோத்துக்கொள்ள, எல்லாம் சேர்ந்து சுற்றும்.

ஆக, 2 ஹெச்சிலும் 4 ஹெச்சிலும் ஒரே மாதிரி சத்தம் வந்தால் சக்கரப் பக்கம் பார்க்க வேண்டும். வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட், உள் ஷாஃப்ட் பேரிங், சில சமயம் வெறும் டயர். 4 ஹெச்சில் மட்டும் வந்தால் கிரவுன், பினியன், அவற்றின் பேரிங்குகள், முன் புரப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட்கள், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் என்று பட்டியல் சுருங்கிவிடும். என் வண்டி இந்த இரண்டாவது வகை. ஒரு காசு செலவில்லாமல், லீவரை முன்னும் பின்னும் நகர்த்தியே இதைக் கண்டுபிடிக்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டேஷ்போர்டில் முன் சக்கர விளக்குகள் நிற்காமல் சிமிட்டினால் முன் டிஃப்ரன்ஷியல் உடைந்துவிட்டது என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அது வேக்யூம் கோளாறு. ஃப்ரீவீல் கிளட்சை நகர்த்துவது ஒரு வேக்யூம் ஆக்சுவேட்டர். அதற்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் எஞ்சின் சூட்டில் வெடித்திருக்கலாம், சொலினாய்டு வால்வு அடைத்திருக்கலாம், அல்லது கிளட்ச் கோத்ததைச் சொல்லும் சுவிட்ச் போயிருக்கலாம். சரிபார்ப்பதும் சுலபம். எஞ்சின் ஓடும்போது 4 ஹெச்எல்சி போட்டுக் கொஞ்சம் உருட்டி நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றினால் கிளட்ச் கோத்திருக்கிறது. சும்மா நின்றால் முதலில் ஹோஸைப் பாருங்கள்.

நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது, பழைய ஜீப், லாரி ஆக்சில்களையே வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஒரு பெரிய மெக்கானிக்கிடம். சத்தம் எப்போது வருகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"ஏனுங்ணா, கிரவுனும் போயிருக்குமா?"

"அதை ஆயில்கிட்டக் கேப்போமுங்க."

ஆயில் ஊற்றும் மேல் பிளக்கைத்தான் முதலில் தளர்த்தினார். இதை எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கீழ் பிளக்கைக் கழற்றி ஆயிலையெல்லாம் வடித்தபின் மேல் பிளக் துருப்பிடித்து வராமல் அடம்பிடித்தால், ஆயில் இல்லாத டிஃப்ரன்ஷியலோடு வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். என் வண்டியில் வடிந்த ஆயில் இருக்க வேண்டிய அளவைவிட மிகவும் குறைவு. நிறம் கறுப்பு. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம், அது இல்லை. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது எந்த வண்டியிலும் சகஜம். இதில் அந்தப் பசைக்குள் விரலில் குத்தும் செதில்கள் இருந்தன. பல் உடைந்த துண்டாக எதுவும் வரவில்லை. "கிரவுன் தப்பிச்சிருக்குமுங்க" என்றார்.

அடுத்து, ஷாஃப்டைப் பினியனோடு பூட்டும் ஃபிளேஞ்சில் அடையாளம் போட்டுவிட்டு முன் புரப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினார். அதன் ஜாயிண்ட்கள் இறுக்கமாக, ஆட்டம் இல்லாமல் இருந்தன. பினியன் ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார், கையிலேயே ஆட்டம் தெரிந்தது. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஃபிளேஞ்சைச் சுற்றும்போது பல் இடைவெளிக்காகக் கொஞ்சம் ஆடுவது இயல்பு. மேலும் கீழும் ஆடவே கூடாது. அப்படி ஆடினால் பெரும்பாலும் பினியன் பேரிங் போயிருக்கும்.

டிஃப்ரன்ஷியலை இறக்கிப் பிரித்ததும் எல்லாம் தெளிவானது. ஃபிளேஞ்ச் பக்கத்துப் பினியன் பேரிங்கின் ரேஸ் (ரோலர்கள் ஓடும் வளையம்) முழுக்கக் குழி விழுந்து செதில் உதிர்ந்திருந்தது. ரோலர்கள் சூட்டில் நிறம் மாறியிருந்தன. உள் பேரிங்குக்கு அவ்வளவு சேதமில்லை. கிரவுன் பற்கள் வழவழப்பாகவே இருந்தன. காரணம் உள் ஷாஃப்ட் பக்கத்து ஆயில் சீல். அது நெடுநாளாகக் கசிந்திருக்கிறது, ஹவுசிங்கின் அடிப்பக்கம் முழுக்க மண்ணும் ஆயிலும் கெட்டியாக அப்பியிருந்தது. உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் பிரீதர் ஹோஸும் சேற்றில் அடைத்திருந்தது. பிரீதர் அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். வயதான வண்டியில் வரும் தேய்மானம்தான் இது, இந்த மாடலின் குறை என்று சொல்ல மாட்டேன்.

ஏன் அந்தப் பேரிங் மட்டும் முதலில் போனது என்பதை அவர் கையால் காட்டி விளக்கினார். முன் டிஃப்ரன்ஷியலில் பினியன் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்கும். கிரவுன் வீல் சுற்றி வாரியிறைக்கும் ஆயில்தான் ஃபிளேஞ்ச் பக்கத்துப் பேரிங்கை நனைக்க வேண்டும். அளவு குறைந்தால் கடைசியில் இருக்கும் அதற்குத்தான் முதலில் பட்டினி. மலையிறக்கத்தில் வண்டியின் மூக்கு கீழே போகும், ஆயில் முன்பக்கம் ஓடும், பினியன் இன்னும் காயும். வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகள், மழை நாளில் 4 ஹெச்சிலேயே, கியரில் பிடித்துக்கொண்டு இறங்குவது. பாதி ஆயிலோடு அந்தப் பேரிங் எப்படிப் பிழைக்கும்?

பேரிங்குகளின் மேல் பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு பேரிங் கடைக்கே போனேன். டேப்பர் ரோலர் பேரிங்குக்கு எண்தான் பெயர், வண்டிக் கம்பெனியின் டப்பாவில்தான் வர வேண்டும் என்றில்லை. தரமான ஜப்பானிய பேரிங்குகளே கிடைத்தன. பினியனுக்கு இரண்டும் பக்க பேரிங்குகள் இரண்டும் வாங்கினேன். சீல்களை மட்டும் கம்பெனிச் சரக்காகத் தேடிப் பிடித்தேன். இணையத்தில் உதிரிபாகம் தேடுபவர்கள் மான்டெரோ, ஷோகன் என்ற பெயர்களிலும் தேடுங்கள், வேறு நாடுகளில் இதே வண்டிதான் அந்தப் பெயர்களில் ஓடுகிறது. எல்லாம் சேர்த்து, முழு யூனிட்டுக்குச் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய யூனிட் கிடைக்கும்தான். அப்படி வாங்குவதாக இருந்தால் ரேஷியோவைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரே மாதிரி தெரியும் ஹவுசிங்குக்குள் 4.6-ம் இருக்கலாம், 4.9-ம் இருக்கலாம். கிரவுன் பற்களின் எண்ணிக்கையைப் பினியன் பற்களால் வகுத்தால் ரேஷியோ வந்துவிடும். 51-க்கு 11 என்றால் 4.636, 49-க்கு 10 என்றால் 4.9. முன்னும் பின்னும் ரேஷியோ ஒத்துப்போகாமல் 4 ஹெச்எல்சி போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். இன்னொரு வண்டியின் பினியனை எடுத்து உங்கள் கிரவுனோடு சேர்க்கவும் கூடாது. இரண்டும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தியவை.

இந்த வேலையின் உயிர் பூட்டுவதில்தான் இருக்கிறது. புது பேரிங்கை அடித்து ஏற்றி நட்டை முறுக்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவரிடம் கொடுத்தால், சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஃப்ரன்ஷியல் கூவ ஆரம்பித்துவிடும். இவர் பிரஸ்ஸில் வைத்துப் பேரிங்கைக் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான பழைய ஷிம்களைத் தடிமனோடு எழுதிவைத்தார். அதே ஷிம்களோடு பூட்டி, பினியனைச் சுற்றிப் பார்த்து, பேரிங்குக்குக் கொடுக்கும் இறுக்கமான பிரீலோடை அளந்தார். இறுக்கம் கூடினால் பேரிங் சூடாகும், குறைந்தால் பினியன் ஆடும். ஷிம் மாற்றி மாற்றி அந்த அளவுக்குக் கொண்டு வருவதற்கே பொறுமை வேண்டும். பிறகு கிரவுனைப் பூட்டி டயல் கேஜ் வைத்துப் பல் இடைவெளியான பேக்லாஷைப் பார்த்தார். மேனுவல் சொல்வது 0.11 முதல் 0.16 மில்லிமீட்டர். ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல், கிரவுனைச் சுற்றிச் சுற்றி நான்கு இடங்களில் பார்த்தார். கடைசியாகப் பற்களில் நீல மை தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். முதல் தடவை தடம் ஓரமாக விழுந்ததால் மறுபடி பிரித்தார். அவசரப்படாத அந்தக் கைக்குத்தான் நான் கூலி கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்தேன்.

ஆயில் விஷயத்தில் சமரசம் வேண்டாம். இது ஹைப்பாய்டு கியர், பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். அதற்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 போன்ற கியர் ஆயில்தான் வேண்டும். கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 மீதி இருக்கிறதென்று இதில் ஊற்றக் கூடாது. ஜிஎல்-5-ஐக் கியர்பாக்ஸிலும் கண்மூடி ஊற்றக் கூடாது, அங்கே பித்தளை சிங்க்ரோ வளையங்கள் இருக்கின்றன. பூட்டியபின் ஆயிரம் கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிட்டோம். காந்தத்தில் மெல்லிய பசை மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகான ஓட்டத்தில் 4 ஹெச்சில் எண்பதில் போனாலும் உறுமல் இல்லை. மழையில் வால்பாறை இறக்கம், எஸ்டேட்டுக்குள் 4 எல்எல்சியில் சேறு, ஒரு முறை மண்சரிவு ஓரத்தில் சிக்கிய வேனை இழுத்தது என்று நன்றாகவே உழைத்துவிட்டது. பினியன் ஃபிளேஞ்சை ஆயில் மாற்றும்போதெல்லாம் கையால் அசைத்துப் பார்க்கிறேன், ஆட்டமில்லை. பிரீதர் ஹோஸை நீளமாக்கி எஞ்சின் அறைக்குள் உயரமாகக் கட்டிவிட்டேன். ஓடை கடக்கும் வேலை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், பிரீதர் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

குறை ஒன்று உண்டு. ஃப்ரீவீல் ஆக்சுவேட்டர் பக்கத்தில் லேசாக ஈரம் தெரிகிறது. சொட்டு விழவில்லை, ஆயில் அளவும் குறையவில்லை, ஆனாலும் இதே மாதிரி ஒரு கசிவுதான் முன்பு ஒரு பேரிங்கைத் தின்றது. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் அந்தச் சீலையும் ஆக்சுவேட்டரின் ரப்பரையும் மாற்ற, அதே பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.