புல்லின் பச்சை மாறாமல் உலர்த்த நிறங்காட்டி சிலிக்கா ஜெல்: பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

தாவரவியல் துறைகளில் புல் மாதிரிகளைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துவதே வழக்கம். இனத்தைக் கண்டறியக் கணுவும் இலையுறையும் சிறுகதிரும் சிதையாமல் இருந்தால் போதும் என்பதால், ஆய்வுக்கு அம்முறையில் குறையொன்றும் இல்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வேரும் மண்ணுமாக நிமிர்ந்து நிற்கும் புல்லைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால், தட்டையாகி வைக்கோல் நிறமேறிய மாதிரி உதவாது. எங்கள் கல்லூரியின் சிறு அருங்காட்சியகத்துக்காக, ரசாயனக் கடைகளில் கிடைக்கும் நிறங்காட்டி சிலிக்கா ஜெல்லை, அதாவது ஈரத்தை உறிஞ்சி, ஈரமேறியதை நிறமாற்றத்தால் காட்டும் மணிகளை, வாங்கியது அதனால்தான்.

பறித்த புல் உடனே இறந்துவிடுவதில்லை. ஈரம் இருக்கும்வரை அதன் நொதிகள் பச்சையத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் இருக்கும் அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை அகற்றிவிட, நிறம் பழுப்பேறும். ஈரத்தை விரைவாக இழுத்துவிட்டால் இவ்விரண்டும் மட்டுப்படும் என்பதே சிலிக்கா ஜெல்லின் பயன். பனி உலர்ந்தபின் பறித்து ஜெல் மணிகளுக்குள் புதைத்த அருகம்புல் சற்றே அடர்ந்த பச்சையுடன் வெளிவந்தது. அழுத்திக் காயவைத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படை.

குறை இருப்பது மணியின் அளவில். கடைகளில் எளிதாகக் கிடைப்பது மிளகளவு உருண்டைகள். அவை மெல்லிய இலைகளில் குழி பதிக்கின்றன, சிறுகதிர்களுக்கு இடையே புகாமல் வெற்றிடம் விடுகின்றன. சர்க்கரை போன்ற பொடிமணிதான் இவ்வேலைக்கு ஏற்றது. அதையும் மேலிருந்து கொட்டாமல், புல்லைப் பெட்டியில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும்.

ஊசிப்புல்லை மட்டும் இந்த முறையில் வெல்வது கடினம். அதன் கதிரில் நீண்டிருக்கும் இழைகளான மீசைகள் ஈரத்தில் அவிழ்ந்து, உலர்ந்தால் முறுக்கிக்கொள்ளும் இயல்புடையவை என்பதால், முற்றிய கதிரைப் புதைத்தால் மீசைகளெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கரிய கயிறாகத் திரண்டுவிடுகின்றன. முற்றாத கதிரைப் பறித்தால் ஓரளவு தப்பலாம். ஆனால் அப்போது அப்புல்லின் தனி அழகே காணாமல் போய்விடுகிறது.

நீல நிற மணிகளை வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அவற்றிலுள்ள கோபால்ட் குளோரைடு, மூச்சோடு உட்சென்றால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. பொடிமணியைச் சலிக்கும்போது தூசு எழாமல் இருக்காது. ஈரமேறினால் பச்சையாக மாறும் ஆரஞ்சு வகையே போதுமானது. அதை 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் ஓவனில் வைத்து ஈரம் போக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். வெப்பம் அதைத் தாண்டினால் சாயம் கெட்டு மணி நிறங்காட்டாமல் போகும்.

வேல்ஸின் அபெரிஸ்ட்வித் ஆய்வாளர்கள், வாடினாலும் பச்சையம் சிதையாத புல் வகையை ஆராய்ந்தார்கள். ஹீதர் அக்ராய்டு, டான் ஹார்வி என்னும் பிரித்தானியக் கலைஞர்கள் வளரும் புல்லின் பச்சை அடர்த்தி வேறுபாட்டாலேயே உருவாக்கும் ஒளிப்படங்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். நமக்கு வாய்த்தவை சாதாரணப் புற்கள். எனவே ஜெல்லிலிருந்து எடுத்த மாதிரிக்கும் பாதுகாப்பு தேவை: காட்சிப்பெட்டியின் வெளிச்சம் 50 லக்ஸ் அளவில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் வைக்குமுன் பூச்சி ஒழிய உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டும். உலர்ந்த புல் தொட்டாலே நொறுங்கும். வளையும் தன்மை வேண்டுமெனில் கிளிசரின் முறைதான் வழி, ஆனால் அதில் பச்சை நிலைப்பதில்லை.

விற்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் வாங்கிய குப்பியின் மேல் தூய்மையளவும் எடையும் அச்சிடப்பட்டிருந்தன. மணியின் அளவு எங்குமே இல்லை. மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்குவது வீண்செலவு.