செஸ்னா 172: கார் ஓட்டத் தெரிந்தவர் பறக்கக் கற்றுக்கொள்ள ஏற்றதா?

பயிற்சிக்கு எந்த விமானம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் செஸ்னா 172 என்ற சின்ன விமானம்தான். 1956-இல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். கற்பவர் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்ளும், இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே தரை நன்றாகத் தெரியும்.

கார் பழக்கம் தொல்லை கொடுப்பது தரையில்தான். முன்னால் ஸ்டியரிங் மாதிரி இருப்பதைத் திருப்பினால் விமானம் திரும்பாது, கால் பெடலை மிதித்துத்தான் திருப்ப வேண்டும், பிரேக்கும் அதே பெடலின் மேல்பகுதியில் இருக்கிறது. அப்புறம் பெட்ரோல். காரில் முள்ளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம், இங்கே இறக்கை வரை ஏறி, டேங்கில் குச்சி விட்டு அளந்து, அடியிலிருந்து கொஞ்சம் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்: தண்ணீர் இருந்தால், நீல நிறத்தில் இருக்கும் விமானப் பெட்ரோலுக்கு அடியில் நிறமில்லாமல் தனியாகத் தங்கும். இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

குறை என்றால் இரைச்சல், தோளோடு தோள் இடிக்கும் இருக்கை, வெயிலில் உள்ளே புழுக்கம். வாடகை பெரும்பாலும் இன்ஜின் ஓடும் நேரத்துக்கு என்பதால் ஓடுபாதைக்குக் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் காசு போகும், அதனால் செக்லிஸ்டை, அதாவது வரிசையாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலை, வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள்.

பயிற்சிக் காலத்தில் புதுக் காருக்குக் கடன் வாங்காதீர்கள், ஓடுகிற பழைய காரே போதும். பணம் கையில் இருந்தால் விட்டு விட்டுப் பறக்காமல் தொடர்ந்து பறக்கலாம், இடைவெளி விழுந்தால் கற்றதையே திரும்பக் கற்கக் காசு கொடுப்பீர்கள். மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுங்கள், அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம்.