மனச்சோர்வு மாத்திரையோடு எந்த ஸ்டாட்டின்?

சிம்வாஸ்டாட்டினா, ரோசுவாஸ்டாட்டினா? கொலஸ்ட்ராலை இரண்டுமே குறைக்கும், பின்னது இன்னும் வலுவாக. மனச்சோர்வு மாத்திரையும் சேரும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும்.

சிம்வாஸ்டாட்டினை உடலில் சிதைப்பது சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி. நெஃபசோடோன் என்ற மனச்சோர்வு மாத்திரை அதை முடக்கிவிடும். ரத்தத்தில் ஸ்டாட்டின் எகிறி, தசையே சிதையலாம். இந்த ஜோடி கூடவே கூடாது. ஃப்ளுவாக்சமின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையிலும் கவனம் தேவை. தொடை, தோள் வலியோடு சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். மனச்சோர்வுக்கான மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் எடுத்தால் நேர்மாறு: சிம்வாஸ்டாட்டினின் பலன் குறையும்.

ரோசுவாஸ்டாட்டின் அந்த நொதியை நம்பி இல்லை. என் ஓட்டு இதற்கே. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்கு அளவு குறைய வேண்டும். செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் ஆகிய மனச்சோர்வு மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்குப் பொதுவாக இரண்டுமே ஒத்துப்போகும். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக மனச்சோர்வு மாத்திரையை.