டயாலிசிஸ் கட்டிலில் மிதிக்கும் சைக்கிள்: காலை ஷிஃப்டுக்கு மட்டும் பரிந்துரை

என் தந்தை வாரம் மூன்று முறை ஹீமோடயாலிசிஸ் (எந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) செய்துகொள்ளும் மதுரைத் தனியார் மையம் ஒன்றில், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே கட்டிலில் படுத்தபடி உடற்பயிற்சி செய்யும் சேவை ஒன்று உள்ளது. காலால் மிதிக்கும் சிறு சைக்கிளும், ரப்பர் பட்டைகளும், அவற்றைச் செய்விக்க ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. டயாலிசிஸ் கட்டணம் நீங்கலாக மாதம் 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறுவோரும் இதைக் கைக்காசு போட்டுத்தான் கட்ட வேண்டும். பல மாதங்கள் பயன்படுத்திய பின் நான் சொல்லக்கூடியது இதுதான்: காலை ஷிஃப்டில் இடம் இருந்தால் தயங்காமல் சேரலாம், மாலை ஷிஃப்டில் கொடுக்கும் பணம் தண்டம்.

இப்படியொரு பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதும், வீடு திரும்பிய பின் அசதியில் அன்று முழுவதும் படுத்தே கிடப்பதும், ரத்தம் சுத்தமாகும்போது கழிவோடு, தசைப் புரதத்துக்குத் தேவையான அமினோ அமிலங்களும் வெளியேறிவிடுவதும் சேர்ந்து, தொடைத் தசையை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகின்றன. ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஓராண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையின்போது பயிற்சி செய்தவர்கள் ஒரு நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் எண்ணிக்கை சராசரியாக 16.2இலிருந்து 19.2ஆக உயர்ந்தது, செய்யாதவர்களுக்கு அதே 16.2 என்பது 14.7ஆகக் குறைந்தது. அங்கே மிதிப்பதோடு தசை வலுப்பயிற்சியும் இருந்தது, பயிற்சியாளரும் உடன் இருந்தார். ஆனால் பிரிட்டனில் ஆறு மாதம் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில் வாழ்க்கைத் தரத்தில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதில் பலர் சொன்ன அளவுக்கு மிதிக்கவும் இல்லை. ஆகவே, கருவி இருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

காலை ஷிஃப்டில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி ஏற்றி, எந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சியை முடித்துவிடுகிறார். உடலிலிருந்து நீர் இறங்க இறங்க ரத்த அழுத்தம் குறையக்கூடும் என்பதால் கடைசி மணி நேரத்தில் சைக்கிளைக் கட்டிலுக்கு அருகிலேயே கொண்டுவருவதில்லை. அப்பாவுக்கு நீண்டகாலச் சர்க்கரை நோய் இருப்பதால், பெடலில் பாதத்தை வைத்துப் பட்டையை இறுக்குவதற்கு முன் காலுறையைக் கழற்றி விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் பார்க்கிறார். பட்டை உரசிப் புண்ணானால் உணர்வு மரத்த கால் அதைச் சொல்லாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து அமைத்த இடம்) உள்ள கையை நீட்டியபடியே வைத்திருக்கச் சொல்லி, வலுப்பயிற்சியைக் கால்களுக்கும் மற்றக் கைக்கும் மட்டும் கொடுக்கிறார். வேகத்துக்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: "பேசிக்கிட்டே மிதிக்கணும் ஐயா, பாட்டுப் பாட முடிஞ்சா பத்தாது."

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது, அவர் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் நாள்களைத்தான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடலில் நீர் அதிகம் ஏறியிருந்தாலோ, அழுத்தம் எகிறியிருந்தாலோ, சர்க்கரை தாழ்ந்திருந்தாலோ, நெஞ்சில் ஏதேனும் சங்கடம் என்றாலோ அன்றைக்குப் பயிற்சி கிடையாது. தொடை இடுக்கில் கதீட்டர் (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயில் செருகிய குழாய்) வைத்திருக்கும் பக்கத்துக் கட்டில்காரரை மிதிக்க விடாமல், கைப்பயிற்சி மட்டும் செய்யச் சொன்னதையும் பார்த்தேன்.

மாலை ஷிஃப்டின் கதை வேறு. அதே கட்டணம்தான், ஆனால் பிசியோதெரபிஸ்ட் கிடையாது. சைக்கிளைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, ஏற்கெனவே கைநிறைய வேலையோடு இருக்கும் டெக்னீஷியன் நகர்ந்துவிடுகிறார். எடை, அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துப் பயிற்சியை முடிவு செய்ய ஆளில்லை. அப்பா சில வாரங்கள் மாலைக்கு மாற நேர்ந்தபோது ஒருநாள் மூன்றாவது மணி நேரத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்; அழுத்தம் இறங்கி, வியர்த்து, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பும் வந்தது. நர்ஸ் உடனே வந்து சமாளித்தார் என்பது ஆறுதல். நிர்வாகத்திடம் முறையிட்டதற்கு ஆள் பற்றாக்குறை என்றார்கள். அப்படியென்றால் கட்டணத்தையாவது குறைத்திருக்கலாம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. சைக்கிளைக் கட்டிலோடு பிணைக்கும் திருகு தேய்ந்துவிட்டதால், வேகமாக மிதித்தால் கருவி நழுவுகிறது. பயிற்சியால் நாவறட்சி கூடுகிறது. தண்ணீர்க் கட்டுப்பாட்டில் இருப்பவர் என்ன செய்யலாம் என்று யாரும் தாமாகச் சொல்லவில்லை. தவிர, பதிவேட்டில் எத்தனை நிமிடம் மிதித்தார் என்று மட்டும் எழுதுகிறார்கள். எழுந்து உட்காரும் சோதனையைச் சேரும்போது ஒருமுறை எடுத்ததோடு சரி. மாதம் ஒருமுறை எடுத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் என்ன என்பது தெரியும். அப்பாவைப் பொறுத்தவரை, சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து இப்போது கையை ஊன்றாமல் எழுகிறார். தாழ்வான சோபாவிலிருந்து எழ இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது.

காலையில் இடம் கிடைக்காதவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, டயாலிசிஸ் இல்லாத நாள்களில் வீட்டில் நடக்கலாம். இத்தாலியில் வீட்டு நடைப்பயிற்சியை ஆறு மாதம் ஆய்வு செய்தபோது, பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்து நிமிடமாக இரண்டு வேளை நடை. அதற்கு மாதக் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.