இயந்திரமா, அரிசியா, பள்ளிக்கூடமா: குமரி மண்ணில் வைத்து ஒரு அலசல்

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது 1956 ஏப்ரலில். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நாட்டை எப்படி வளர்ப்பது என்று அன்று மோதிய யோசனைகளை எங்கள் மாவட்டத்தில் வைத்து உரசிப் பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

அந்தத் திட்டத்தை வடிவமைத்த புள்ளியியலாளர் மகலனோபிஸ் சொன்னது: முதலில் எஃகும் இயந்திரமும், நுகர்பொருள் அப்புறம். இயந்திரத்துக்கு எப்போதும் வெளிநாட்டிடம் கையேந்தக் கூடாது என்ற கவலை நியாயமானதுதான். பம்பாயிலிருந்து பொருளியலாளர்கள் சி.என். வக்கீலும் பிரம்மானந்தாவும் மறுத்தார்கள். வேலைக்கு வருகிறவன் முதலில் சாப்பிட வேண்டுமே; அரிசியும் துணியும் பெருகினால்தான் கிராமத்தில் சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை கொடுக்க முடியும் என்றார்கள். 1965-66 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடே எதிர்பார்த்திருந்தபோது, இவர்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தது என்று தெரிந்தது. நெல் விளைந்த நாஞ்சில் நாட்டு வயல்கள் தென்னையாகவும் வாழையாகவும் வீட்டுமனையாகவும் மாறியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதம் இன்னும் உறைக்கும்.

பெருந்தொழில் பாதை இங்கே எப்படி வந்தது? மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலாக. இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் எல்லாம் அதில் உண்டு. மணல் எங்களுடையது, மோனசைட்டை ரசாயனமாக்கும் ஆலை 1952-இல் வந்ததோ ஆலுவாயில்.

மூன்றாவது பாதைதான் என்னை அதிகம் ஈர்ப்பது. மஹ்பூப் உல் ஹக் 1960-களில் பாகிஸ்தான் திட்டக்குழுவின் தலைமைப் பொருளியலாளர். வளர்ச்சி வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பியவர். தொழிலும் வங்கியும் 22 குடும்பங்களின் கையில் குவிந்துவிட்டதை 1968-இல் அவரே சொன்னார். 1990-இல் அமர்த்தியா சென்னோடு சேர்ந்து, படிப்பையும் ஆயுளையும் வைத்து நாட்டை அளக்கும் மனித வளர்ச்சி அறிக்கையைக் கொண்டுவந்தார். குமரி அந்த அளவுகோலுக்கு நல்ல சாட்சி. இங்கே எஃகு ஆலை வரவில்லை. மிஷன் பள்ளிகளும், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் தட்டியெழுப்பிய மக்களும் இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு சுமார் 92 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். தமிழகச் சராசரி 80.

1991-க்குப் பிறகு, வளர்ச்சி இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி கேட்டார். சரியான கேள்வி. ஆனால் எங்கள் சிக்கல் வேறு: படித்த பிள்ளைக்கு ஊரில் வேலை இல்லை. வளைகுடா, சென்னை, பெங்களூரு என்று கிளம்பிவிடுகிறார்கள்.

படிப்போடு கைத்தொழிலும் சேர்ந்த இடம் எங்கள் மீனவ ஊரான முட்டம். 1980-களில் அங்கே பிளைவுட் வள்ளம் கட்டினார்கள். கட்டுமரத்துக்கேற்ற பெருமரம் அரிதாகிவந்த காலம் அது. வெளியூர் பொறியாளரின் கணக்கும் கடலறிந்தவர்களின் அனுபவமும் அதில் கலந்தன. கரையிலேயே மீனவர் சங்கங்கள் மீனை ஏலம்விட்டு, கடனும் கொடுத்ததால் வியாபாரியின் பிடி தளர்ந்தது. சின்ன முதலீடு, உள்ளூர் வேலை, லாபமும் உள்ளூரில். 2016-இல் எங்கள் கடற்கரையில் இனயம் பெருந்துறைமுகத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை ஒப்புதல் தந்தபோது மீனவ ஊர்கள் எதிர்த்ததை வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று சொல்வது தவறு. மகலனோபிஸ் பாதைக்கும் முட்டம் பாதைக்கும் இடையில் அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.