குதிரை ஈயின் முகத்தைக் காட்டும் கைபேசி லென்ஸ்

கைபேசியின் கேமரா மேல் கவ்வியால் பொருத்தும் பத்து மடங்கு மேக்ரோ லென்ஸைப் பூக்களையும் பனித்துளிகளையும் படமெடுக்கவே பெரும்பாலோர் வாங்குகின்றனர். நான் அதை வாங்கியது, கடிக்கும் குதிரை ஈக்களையும் மான் ஈக்களையும் இனம் பிரிக்க அது எந்த அளவுக்கு உதவும் என்று அறிவதற்காக. பேரினம் வரை அதைப் பெரும்பாலும் நம்பலாம். சிற்றினம் வரை போக முடியுமா என்பது கையில் கிடைக்கும் ஈயைப் பொறுத்தது.

லென்ஸ் இல்லாமலே இறக்கை ஓரளவு சொல்லிவிடும். மான் ஈக்களான கிரைசாப்ஸ் பேரினத்தில் இறக்கையின் குறுக்கே கரும்பட்டை ஓடும். குதிரை ஈக்களின் ஒரு பேரினமான ஹீமடோபோட்டாவின் இறக்கை சாம்பல் நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருக்கும். பெரிய உடல்கொண்ட குதிரை ஈக்களான டபானஸ் பேரினத்தின் இனங்கள் பலவற்றுக்கு இறக்கை கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆனால் கிரைசாப்ஸின் உச்சந்தலையில் உள்ள மூன்று தனிக்கண்களையும், பின்காலின் நடுக்கணு முடிவில் உள்ள சிறு முட்களையும் பார்த்து உறுதிசெய்ய உருப்பெருக்கம் தேவை. டபானஸில் அந்த முட்கள் இல்லை. இவ்வளவையும் இந்த லென்ஸ் குறையின்றிக் காட்டுகிறது. மாட்டுத் தொழுவங்களில் கடிக்கும் ஸ்டோமாக்சிஸ் ஈயையும் பலர் குதிரை ஈ என்றே எண்ணிவிடுகின்றனர். வீட்டு ஈ அளவே உள்ள அதன் தலைக்கு முன்னால் ஊசிபோல் நீண்டிருக்கும் உறிஞ்சுகுழல் முதல் படத்திலேயே தெரிந்துவிடும்.

லென்ஸின் உண்மையான பலம் கண்களில்தான் இருக்கிறது. குதிரை ஈக்களிலும் மான் ஈக்களிலும் இரத்தம் உறிஞ்சுவது பெண் ஈ மட்டுமே. அதன் இரு கூட்டுக்கண்களுக்கும் நடுவே ஒரு நெற்றிப்பட்டை இருக்கும், ஆணுக்கோ கண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கண்ணில் பச்சையும் பொன்னும் ஊதாவுமாக மின்னும் பட்டைகளும் புள்ளிகளும் நிறமியால் அமைந்தவை அல்ல. கண்ணின் மேலுறையிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி எதிரொளிப்பதால் தோன்றுபவை. ஈ இறந்து உலரும்போது அவை மங்கிவிடுகின்றன. ஆகவே ஊசியில் குத்திப் பாதுகாத்த மாதிரியை விலையுயர்ந்த நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குத் தெரியாத ஓர் அடையாளம், உயிருள்ள ஈயை எளிய லென்ஸால் படமெடுப்பவருக்குக் கிடைக்கிறது. ஹீமடோபோட்டா புளுவியாலிஸின் வளைந்து நெளியும் கண்பட்டைகளைப் பார்த்தபோது, இதற்காகவே இதை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

லென்ஸுடன் வரும் வளைய விளக்கு அந்த நன்மையைப் பாதி கெடுத்துவிடுகிறது. நேரடி வெளிச்சம் பளபளப்பான கண்ணில் வெண்புள்ளியாக விழுந்து நிறத்தை மறைக்கிறது. விளக்கின் மேல் மெல்லிய வெள்ளைத்தாளை ஒட்டினால்தான் பட்டைகள் தெரிகின்றன. குவியம் ஓரிரு சென்டிமீட்டர் தொலைவிலேயே அமைவதால், விழிப்புடன் இருக்கும் ஈயை அவ்வளவு நெருங்குவது கடினம். சிறு குப்பியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் சில நிமிடங்கள் வைத்தால் அது அசைவற்றுப் போகும், படமெடுத்தபின் பறந்துவிடும்.

ஐரோப்பிய கிரைசாப்ஸ் இனங்கள் சிலவற்றை வயிற்றின் இரண்டாம் வளையத்தில் உள்ள கருங்குறியை வைத்துப் பிரிக்கலாம்: கிரைசாப்ஸ் சீகூட்டியன்ஸில் அது கவிழ்ந்த V வடிவில் விரிந்திருக்கும், விடுவாட்டஸில் சிறு சதுரமாக நிற்கும். அவற்றுக்கு இந்த லென்ஸ் போதும். டபானஸில்தான் சிக்கல். அங்கே நெற்றிப்பட்டையின் அகலமும் அதிலுள்ள பளபளப்பான புடைப்பின் வடிவமும் முக்கியம். ஒரே படத்தில் தெளிவாக விழும் ஆழம், அதாவது குவிய ஆழம், மிகக் குறைவு என்பதால், புடைப்பு தெளிவாக விழுந்தால் உணர்கொம்பு மங்கிவிடுகிறது. டபானஸையும் அதைப் போன்ற இன்னொரு பேரினமான ஹைபோமைட்ராவையும் பிரிக்க உதவும் கண் மயிரும் இறக்கையடிச் செதிலின் மயிரும் இதில் ஊகமாகவே தெரிகின்றன. அந்த வேலைக்கு ஸ்டீரியோ நுண்ணோக்கியே ஏற்றது.

பல கேமராக்கள் உள்ள கைபேசி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொருளை நெருங்கியதும் கைபேசி தானாகவே அகலக்கோணக் கேமராவுக்கு மாறினால், மாட்டிய லென்ஸ் பயனற்றுப்போகும். அந்த வசதியை அமைப்புகளில் முடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.