‘டாய் ப்ரீட்னா சின்னதாத்தான் இருக்கும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

ஷிட்சு, பொமரேனியன், சிவாவா மாதிரி ‘டாய் ப்ரீட்’ எனப்படும் சின்ன இன நாய்க்குட்டி தேடுகிறவர்கள், பணம் அனுப்பும் முன் தயவுசெய்து இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

போன ஜனவரியில் மகளுக்காக ஒரு ஷிட்சு குட்டி வாங்கினோம். 18,000 ரூபாய். விளம்பரத்தில் பச்சைப் பிளாஸ்டிக் கூடைக்குள் மூன்று குட்டிகள். ‘60 நாள், முதல் தடுப்பூசி போட்டாச்சு, பேப்பரில் மூச்சா போகப் பழக்கியாச்சு’ என்று எழுதியிருந்தது. தாய் நாயைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். “வீட்ல அம்மாவுக்கு முடியல அக்கா, நானே கொண்டாந்து தர்றேன்” என்றார் விற்றவர். அண்ணா நகர் பக்கம் ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் குட்டி கைமாறியது. உள்ளங்கையில் அடங்கிவிட்டது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்றேன். “டாய் ப்ரீட்னா சின்னதாத்தான் இருக்கும்” என்றார். அந்த ஒரு பதிலில் விழுந்துவிட்டேன்.

அவர் சொன்னபடி பசும்பாலில் செரலாக் கரைத்துக் காலையும் இரவும் கொடுத்தோம். மறுநாளே வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் விடிகாலையில் தலை தொங்கி, உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. தெரிந்த கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தோம். அவர் சொன்னதுபோல் குளுக்கோஸைத் துளித் தண்ணீரில் குழைத்து ஈறில் தடவிக்கொண்டே, துணியில் சுற்றி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே எடை பார்த்தார்கள். 600 கிராம். மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். எட்டு வாரக் குட்டிக்குப் பொதுவாகப் பால் பற்கள் 28-ம் வந்திருக்குமாம். இதற்குக் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. “அஞ்சு வாரம் இருந்தா அதிகம்மா. தாய்ப்பால் மறக்குறதுக்கு முன்னாடியே பிரிச்சிட்டாங்க.” இந்த அளவுக் குட்டிகளுக்கு உடம்பில் சேமிப்பே கிடையாது, சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்றார். தடுப்பூசி அட்டையைப் பார்த்தால், ஊசி போட்டதாக எழுதிய தேதியில் குட்டி கண் திறந்தே ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. யாரோ கிறுக்கிய கையெழுத்து மட்டும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே சட்டப்படி குற்றம். 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்தவர்தான் இந்தத் தொழிலே செய்யலாம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதனால்தான் சொல்கிறேன்: தாயோடு குட்டியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள். குட்டியின் வாயைத் திறந்து பற்களைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

குட்டி பிழைத்தது. ஒரு மாதம் நானும் கணவரும் மாறி மாறி எழுந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பப்பி உணவை வெந்நீரில் ஊறவைத்து ஊட்டினோம். பேப்பர் பழக்கம் என்று ஒன்று இருக்கவே இல்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் பேப்பரில் கொண்டுபோய் நிறுத்தி, போனதும் கொஞ்சிக் கொஞ்சி, நாங்கள்தான் பழக்கினோம். கடிதான் இன்னும் முழுசாக நிற்கவில்லை. கூடப் பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டிகள் கற்றுக்கொள்ளுமாம். அந்த வாரங்களை இதனிடமிருந்து பறித்துவிட்டார்கள். என் மகள் கையில் பல் பட்ட தழும்பு இருக்கிறது. அவள் கோபித்துக்கொள்வதில்லை. கடித்தால் உடனே விளையாட்டை நிறுத்தித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள், அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறது.

விற்றவர் மூன்றாம் நாளே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நேற்று வேறொரு பெயரில், வேறு எண்ணோடு, அதே பச்சைக் கூடை படத்தைப் பார்த்தேன். ‘60 நாள், முதல் தடுப்பூசி போட்டாச்சு.’